மட்டக்களப்புக்கு ஊழியப் பயணம்: அழைப்புக் கடிதம் முதல் ஆண்டு நிறைவு வரை

தமிழ்நாட்டிலிருந்தும், ரொறன்ரோ, லண்டன், சூரிச் போன்ற நகரங்களின் தமிழ்ச் சபைகளிலிருந்தும் பத்து நாள், இரண்டு வாரம் என்று மட்டக்களப்புக்கு ஊழியம் செய்ய வரும் குழுக்களுக்காக எழுதப்பட்டது இந்த அதிகாரம். விசா, போக்குவரத்து, மருந்து எல்லாம் இதில் வரும். ஆனால் அவற்றுக்கு முன்பே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படியான பயணங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது வீடு திரும்பிய பிறகுதான். புறப்படும் நாளில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் மூன்று மாதத்தில் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. "அடுத்த வருசம் கட்டாயம் வருவோம்" என்ற பேச்சைப் பெரியவர்கள் மறந்துவிடுவார்கள். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் மறப்பதில்லை. "அந்த அண்ணாக்கள் எப்ப வருவாங்க?" என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல நிற்பவர் உள்ளூர்ப் போதகர்.

ஆகவே முதல் விதி இது: திரும்பி வருவதையும் அதற்குப் பிந்திய ஓராண்டையும் பயணத் திட்டத்துக்குள் எழுதாத குழு புறப்பட வேண்டாம்.

உங்களுக்கு முன் வந்தவர்கள்

மட்டக்களப்பு சுவிசேஷம் கேட்காத ஊர் என்ற நினைப்போடு வருபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் போர்த்துக்கேயர் இங்கே புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628 இல். கத்தோலிக்க விசுவாசம் வாவிக் கரைகளில் வேர்விட்டது அவர்கள் காலத்தில். 1814 ஜூன் மாத இறுதியில் காலித் துறைமுகத்தில் இறங்கிய வெஸ்லியன் மிஷனரிகளில் ஒருவரான வில்லியம் ஓல்ட் அதே ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்தார். குழுவை அழைத்துவந்த தோமஸ் கோக் கடலிலேயே இறந்துபோனார். ஓல்டின் மனைவியும் அதே பயணத்தில் காலமானார். ஓல்ட் இங்கே வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. 1815 ஏப்ரல் 1 அன்று அவரும் மறைந்தார். அந்தச் சில மாதங்களில் அவர் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்க ஆண்டாக 1814 ஐ எழுதுகிறது. வந்தவர் இல்லாமற்போன பின்னும் ஊர்க்காரர் தொடர்ந்து நடத்தக்கூடிய வேலையாக அது இருந்ததால்தான் இருநூறு ஆண்டு நின்றது.

தமிழ்நாட்டுக் குழுக்களுக்கு இன்னொரு செய்தி. ஓல்டோடு ஒரே கப்பலில் வந்த ஜேம்ஸ் லிஞ்ச் முதலில் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தார். 1817 இல் அங்கிருந்து சென்னைக்குப் போய் அந்நகரத்து வெஸ்லியன் ஊழியத்தைத் தொடங்கியவர் அவரே. "நாங்கள் இலங்கைக்குக் கொண்டுபோகிறோம்" என்று பேசும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் தொடங்கியது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும் பிறகு புனித மிக்கேலிலும் படித்தவர். பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். கிறிஸ்தவப் பாடசாலை ஒரு சைவப் பேரறிஞரை வளர்த்ததை இந்த ஊர் இரு பக்கமும் பெருமையாகவே சொல்லும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இயேசு சபைக் குருக்கள் வந்து பல பத்தாண்டுகள் இங்கேயே தங்கினார்கள். அவர்களில் ஒருவரான யூஜின் ஹேபேர்ட் அடிகளார், மாணவர்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். 2012 இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாயிற்று.

இந்த வரலாறு அலங்காரத்துக்குச் சொல்லப்படவில்லை. உங்களை அழைக்கும் சபை எப்போது தொடங்கியது, போர்க்காலத்தில் என்ன செய்தது, இன்று அதன் ஞாயிறு பாடசாலையை யார் நடத்துகிறார்கள் என்பதைக் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு இதைப் பரீட்சையாகவே வையுங்கள்.

இடத்தை அறிதல்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை நெருங்கும் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. நகரம், பெரும் பாடசாலைகள், வைத்தியசாலை, பெரிய தேவாலயங்கள், காத்தான்குடி போன்ற முஸ்லிம் ஊர்கள் எல்லாம் அதிகமாக இந்தப் பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாகப் பரந்தது படுவான்கரை. கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, ஆயித்தியமலை அந்தப் பக்கம். போரின் அடி அங்கே கூடுதலாக விழுந்தது, வசதியும் குறைவு. வருகிற குழுக்களில் பெரும்பாலானவை வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போகாமலே திரும்பிவிடும்.

கல்லடியில் 1924 இல் கட்டிய பழைய பாலத்தின் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் வந்தது. மண்முனையில் பாலம் 2014 இல் திறக்கப்பட்டது. இன்னும் சில துறைகளில், குருமண்வெளியிலிருந்து மண்டூர் போவது போல, வாகனத்தையும் ஆளையும் ஏற்றிச் செல்லும் படகுப்பாதையை நம்பித்தான் பயணம். கூட்டம் ஐந்து மணிக்கு என்றால் படகுப்பாதை எத்தனை மணிக்குக் கரை சேரும் என்று கேட்டு வையுங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் வந்தால் ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலும் உண்டு. பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக வரும். யானை குறுக்கிட்டு ரயில் தாமதிப்பது அந்தப் பாதையில் வழக்கம். விமானம் இறங்கிய அன்றே கூட்டம் வைக்காதீர்கள்.

எப்போது வருவது

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. படுவான்கரையில் பல வீதிகள் தண்ணீருக்குள் போய்விடும். அழைத்த சபையே நிவாரண வேலையில் இருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியை மூத்தவர்கள் இன்னும் ஆண்டுக் கணக்குக்கு அடையாளமாக வைத்துப் பேசுவார்கள். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை. வயல்காரர் மாலையில் களைத்துப்போவார்கள். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும். பகல் சூடு தாங்காது, கூட்டங்களை மாலைக்கு மாற்ற வேண்டும்.

மற்றவர்களின் நாட்காட்டியும் வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், செப்டெம்பர் தொடக்கத்தில் ஆயித்தியமலை மாதா திருவிழா, முஸ்லிம்களுக்கு நோன்பு. சடங்கு நடக்கும் கிராமத்தில் அதே இரவில் ஒலிபெருக்கி கட்டிக் கூட்டம் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. உங்களுக்குப் பின் அங்கே வாழப்போவது உள்ளூர் விசுவாசிகள்.

சட்டம், விசா, மருத்துவம்

சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம், சுகமளிக்கும் கூட்டம், பயிற்சி முகாம் நடத்தக் கூடாது. சமயப் பணிக்கு வருபவர்களுக்கு வேறு வகை அனுமதி உண்டு. அழைக்கும் சபை கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் பரிந்துரையோடு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். "எல்லாரும் இப்படித்தான் வருகிறார்கள்" என்று சொல்லும் முகவரை நம்பாதீர்கள். பிடிபட்டால் நீங்கள் அடுத்த விமானத்தில் போய்விடுவீர்கள். பொலிஸ் நிலையத்துக்கு நடையாய் நடப்பவர் உங்களை அழைத்த போதகர். இலங்கையில் பிறந்து இப்போது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான்.

அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10 ஆம், 14 ஆம் உறுப்புரைகள் சமய சுதந்திரத்தை உறுதிசெய்கின்றன. ஆசை காட்டியோ வற்புறுத்தியோ மதம் மாற்றுவதைக் குற்றமாக்கும் தனிநபர் மசோதா ஒன்று 2004 இல் பாராளுமன்றத்துக்கு வந்து, உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சொன்னதால் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி. நிவாரணப் பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டுகள் அந்த நாட்களில் எழுந்தன. அதனால் இன்றும் அரிசிப் பையையும் வேதாகமத்தையும் ஒரே கையில் நீட்டக் கூடாது. உதவி தனி, சாட்சி தனி.

மருத்துவ முகாம் நடத்த விரும்பும் வைத்தியர்கள் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு பெற வேண்டும். பெட்டியில் மருந்துகளை அடைத்துக்கொண்டு வந்து கொடுப்பது சட்டப்படியும் தவறு, நோயாளிக்கும் ஆபத்து. முகாமில் இரத்த அழுத்தம் கண்டுபிடிக்கப்படுபவரை இரண்டு வாரத்துக்குப் பின் யார் பார்ப்பார்? அரசு வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆகவே மக்களை அங்கே கூட்டிச்செல்ல சபையில் இரண்டு பேரைப் பழக்கிவிடுவது முகாமைவிட நீண்ட நாள் உதவும்.

உங்கள் உடல்நலத்துக்கு: டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், வயலில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆகவே இந்தியாவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எங்கிருந்து வந்தவர் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அவசர அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, பிள்ளைகளுக்கு எதிரான துன்புறுத்தல் பற்றிச் சொல்ல 1929. இந்த மூன்று இலக்கங்களும் எல்லாருடைய கைபேசியிலும் இருக்கட்டும்.

என்ன வேலைக்கு வருவது

தேவாலயச் சுவருக்கு வர்ணம் பூசப் பன்னிரண்டு பேர் விமானம் ஏறிவர வேண்டியதில்லை. இங்கே மேசன்மாரும் பெயின்ற் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை வேண்டும். ஒரு ஆளின் விமானச் செலவைக் கொண்டு அந்தச் சுவரை உள்ளூர்க்காரரைக் கொண்டே பூசி முடித்துவிடலாம்.

அழைப்புக் கடிதத்துக்கு முன் உள்ளூர்ச் சபையிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எங்களால் மட்டும் தரக்கூடியது ஏதாவது உங்களுக்கு வேண்டுமா? அதை எங்களிடமிருந்து கற்றுக்கொண்டு தொடரப்போகிறவர் யார்? நாங்கள் வராவிட்டால் அதே பணத்தை எதற்குச் செலவழிப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில், வரப்போகும் வேலையைவிடப் பெரிதாகத் தெரிந்தால் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள். அதுவும் ஊழியம்தான்.

உண்மையில் பயன்பட்டவை சிறிய வேலைகள். ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கு மூன்று மாலை வகுப்பு. அதன் பிறகு அவர்களே பிள்ளைகளுக்கு நடத்துவார்கள், நீங்கள் பின்வரிசையில் இருப்பீர்கள். பாடகர் குழுவுக்கு இசைக்கருவி பழக்கம். சபைக் கணக்கைக் கணினியில் எழுதப் பழக்குதல். ஆகஸ்ட் விடுமுறையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும். ஆனால் உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து மட்டுமே.

துயரத்தைத் தொடும் வேலைக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து செய்தது அது. போர் பாதித்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே வாரம்தோறும் மாதக் கணக்கில் வந்து களிமண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் விளையாடினார்கள். வழிநடத்தியவர்கள் உள்ளூர் இளைஞர்கள். வெளிநாட்டவர் ஒருவரின் திறமை எப்படிப் பயன்பட வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரே தந்த பாடம் அது. அதோடு ஒப்பிட்டால், மூன்று நாள் 'மனக்காயம் ஆற்றும் முகாம்' நடத்தி, அழவைத்து, பஸ் ஏறிவிடுவது புண்ணின் கட்டை அவிழ்த்துவிட்டுப் போவது மாதிரி. வேண்டாம்.

இருக்கும் நாட்களில்

யாருடைய விருந்தினர் என்பதில் தெளிவாக இருங்கள். குழுவுக்கு ஒரே ஒரு உள்ளூர்ப் பொறுப்பாளர். நிகழ்ச்சியை மாற்றும் உரிமை அவருக்கே. மெதடிஸ்த, அங்கிலிக்கன் குருவானவரையும் பெந்தெகொஸ்தே பாஸ்ரரையும் கத்தோலிக்கப் பாதரையும் அவரவர் சபையார் அழைக்கும் முறையிலேயே அழையுங்கள். சிறு பிள்ளைகளிடமும் "நீங்க" என்றே பேசுங்கள். "டேய், வாடா" என்று செல்லமாகச் சொன்னாலும் காதில் இடிக்கும்.

உணவில் வெட்கம் வேண்டாம். புட்டு, இடியப்பம், சொதி, வாவி இறால், எருமைத் தயிர் எல்லாம் வரும். விருந்துக்காக ஒரு குடும்பம் கடன் வாங்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள். சாப்பாட்டுச் செலவு, வான், டீசல், சமைப்பவரின் கூலி அனைத்தையும் வந்த முதல் நாளே சபைப் பொருளாளரிடம் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். தனிப்பட்ட வீடுகளில் கவர் கொடுக்கும் பழக்கம் அயல் வீட்டாருக்குள் மனத்தாங்கலை விதைக்கும்.

பிள்ளைகள் விடயத்தில் விதிகள் கடுமையாகவே இருக்கட்டும். பெற்றோர் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. குழுவினர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது. சிறுவர் இல்லங்களுக்கு 'ஒரு மணி நேர மகிழ்ச்சி' கொடுக்கப் போகாதீர்கள். வந்து வந்து போகும் அந்நியரிடம் ஒட்டிக்கொண்டு பிறகு பிரியும் வலியை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான அளவு அனுபவித்திருக்கிறார்கள்.

காணாமற்போன மகனைப் பற்றி, நாவலடியிலும் டச்பாரிலும் அலை கொண்டுபோனவர்களைப் பற்றி, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலய வளவில் நடந்த குண்டுவெடிப்பைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அன்று ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பலியானார்கள். அவர்களின் பெற்றோர் இந்த ஊரில்தான் கடைக்குப் போய்வருகிறார்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். கேட்டதை மேடையில் சாட்சியாகச் சொல்லாதீர்கள். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ முஸ்லிம்களைப் பற்றிப் பொதுவாக ஒரு வார்த்தை தவறி விழுந்தாலும் அது உங்களோடு விமானம் ஏறாது.

கடைசி இரண்டு நாட்கள்

திரும்புதல் இங்கேயே தொடங்குகிறது. கடைசி நாட்களில் நிகழ்ச்சி எதுவும் வைக்காமல் கணக்கை முடியுங்கள்.

ஒரு கொப்பியில் வாக்குறுதிப் பட்டியல் எழுதுங்கள். குழுவிலுள்ள ஒவ்வொருவரும் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: "கிட்டார் அனுப்புறேன்", "மகளுக்கு டியூசன் காசு பாக்கிறேன்", "அடுத்த ஈஸ்டருக்கு வாறேன்". செய்யக்கூடியவற்றுக்குத் திகதியும் பொறுப்பாளரும் எழுதுங்கள். செய்ய முடியாததைச் சொன்னவர் அன்றே அந்த வீட்டுக்குப் போய், "நான் யோசிக்காமச் சொல்லிப்போட்டேன், அது எங்களால ஏலாது" என்று நேரில் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடச் சங்கடம் ஓராண்டுக் காத்திருப்பைவிடக் கருணையானது.

அதன்பின் உள்ளூர்ச் சபையின் மூப்பர்கள், பெண்கள் ஐக்கியத் தலைவிகள், இளைஞர் சிலரோடு உட்கார்ந்து எது பயன்பட்டது, எது தொந்தரவாக இருந்தது என்று கேளுங்கள். முகத்துக்கு நேரே குறை சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. "அடுத்த முறை வேறொரு குழு வந்தால் அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். பிரியாவிடைக் கூட்டம் சிறியதாக இருக்கட்டும். சால்வையும் மாலையும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்பிய முதல் மாதம்

முதல் வாரத்தில் வேலைக்குப் போய்விடுவீர்கள். மனம் வந்து சேர இன்னும் நாளாகும். கல்யாண மண்டப வாடகையைப் பற்றி வீட்டில் பேசினால் எரிச்சல் வரும். சொந்தச் சபையின் குளிரூட்டி கண்ணை உறுத்தும். "அங்கே மக்கள் எவ்வளவு சந்தோசமா இருக்கிறாங்க தெரியுமா" என்று எல்லாருக்கும் உபதேசம் செய்யத் தோன்றும். இது இயல்பு, ஆனால் வறுமையில் சந்தோசம் கண்டதாகச் சொல்வது அந்த மக்களுக்கு நியாயம் செய்யாது. சம்பளம் போதாமை, கடன், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் கவலை அவர்களுக்கும் உண்டு. இரண்டு வார விருந்தாளியிடம் அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான். வேறு சிலருக்கு எதிர்மாறாக நடக்கும்: பத்து நாளில் எல்லாம் கனவுபோல் மங்கிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்று: திரும்பிய இரண்டாம் வாரத்தில் குழு முழுவதும் ஒரு மாலை கூடி, படம் காட்டாமல், மைக் இல்லாமல் பேசுவது. காய்ச்சல், நீண்ட வயிற்றுப்போக்கு இருந்தால் வைத்தியரிடம் பயணத்தைச் சொல்லுங்கள்.

புலம்பெயர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த மாதம் கூடுதல் கடினம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த ஊரைவிட்டு ஓடிய பெற்றோர் பலர் அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசியதே இல்லை. இருபது வயது மகள் கைபேசியில் முந்நூறு படங்களோடு வந்து, "அம்மா, உங்கட பள்ளிக்கூடத்தைப் பாத்தேன்" என்று தொடங்கும்போது அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாம். அது அக்கறையின்மை இல்லை. படங்களை உடனே நீட்டாதீர்கள், "எந்த இடத்தைப் பாக்க விருப்பம்?" என்று கேட்டு, கேட்டதை மட்டும் காட்டுங்கள். சில வீடுகளில் அந்த உரையாடல் நடக்கச் சில மாதங்கள் ஆகும். நடந்துவிட்டால், பயணம் கொடுத்த மிகப் பெரிய பலன் அந்த வீட்டு மேசையில் கிடைத்ததாகவே இருக்கலாம். சபை மூப்பர்கள் இதற்கு முன்கூட்டியே தயாராகி, பிள்ளையிடம் பேசுவதோடு பெற்றோரையும் ஒருமுறை போய்ப் பார்த்துவரட்டும்.

சபைக்கு அறிக்கை சொல்லுதல்

அப்போஸ்தலர் 14 ஆம் அதிகாரத்தின் முடிவில் பவுலும் பர்னபாவும் தங்களை அனுப்பிய அந்தியோகியாவுக்குத் திரும்புகிறார்கள்; சபையைக் கூட்டி நடந்ததைச் சொல்கிறார்கள்; பிறகு நெடுநாள் அங்கேயே தங்குகிறார்கள். அனுப்பியவர்களிடம் கணக்குச் சொல்வதும், சொன்னபின் சொந்த இடத்தில் வேலை செய்வதும் ஊழியத்துக்குள் அடங்கியவை.

அறிக்கை இருபது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். உங்களை உபசரித்த சபையின் வேலையை முதலில் சொல்லுங்கள், பிறகு நீங்கள் கற்றது, பிறகு வரவுசெலவு, கடைசியில் வாக்குறுதிப் பட்டியல். "இத்தனை ஆத்துமாக்கள்" என்று எண்ணிக்கை சொல்லாதீர்கள். முகநூலில் போடுவதற்கு முன் உள்ளூர்ப் பொறுப்பாளருக்கு அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். ரொறன்ரோவில் போட்ட பதிவை வந்தாறுமூலையில் வாசிக்கிறார்கள். "இருளில் கிடந்த கிராமம்" என்று நீங்கள் எழுதிய ஊரில் அயலவரோடு முகம் பார்த்து வாழ வேண்டியவர் வேறொருவர்.

பணமும் வட்ஸ்அப்பும்

திரும்பிய சில வாரங்களில் உதவி கேட்டுச் செய்திகள் வரும். பெரும்பாலும் உண்மையான தேவைகள். தனித்தனியாக அனுப்பத் தொடங்கினால் சபைக்குள் 'வெளிநாட்டுக் காசு கிடைத்தவர், கிடைக்காதவர்' என்று இரண்டு பக்கம் உண்டாகும். பதில் சொல்லாமல் விடுவது அதைவிட மோசம். குழு முழுவதும் ஒரே பதிலைக் கையாளட்டும்: "அக்கா, உங்கட செய்தி வாசிச்சேன். மகளுக்காக ஜெபிக்கிறேன். காசு உதவியெல்லாம் உங்கட சபை மூலமாத்தான் செய்றதெண்டு நாங்க எல்லாரும் முடிவெடுத்திருக்கம். போதகர் ஐயாவோட ஒருக்காக் கதைச்சுப் பாருங்க."

இந்திய அறக்கட்டளைகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: வருமான வரிச் சட்டப்படி, இந்தியாவுக்கு வெளியே செலவிடும் தொகைக்கு முன் அனுமதி இல்லாமல் வரிவிலக்குக் கிடைக்காது. அனுப்புவதற்கு முன் கணக்காளரைக் கேளுங்கள்.

ஓராண்டு அட்டவணை

முதல் வாரம்: சேர்ந்துவிட்டோம் என்ற செய்தியும் நன்றிக் கடிதமும், உபசரித்த ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் சொல்லி.

முதல் மாதம்: குழுக் கூட்டம், சபை அறிக்கை, செலவுக் கணக்கின் பிரதி மட்டக்களப்புச் சபைக்கும்.

மூன்றாம் மாதம்: பயிற்சி பெற்ற ஆசிரியர்களோடு காணொளியில் ஒரு மணி நேரம். வகுப்பு நடக்கிறதா, பாடநூல் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள்.

ஆறாம் மாதம்: வாக்குறுதிப் பட்டியலைத் திறந்து நிறைவேறாதவற்றுக்குக் காரணம் எழுதி அனுப்புங்கள். பயணத்துக்கு வந்தவர்கள் சொந்த ஊரில் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மட்டக்களப்புப் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் தன் தெருவிலுள்ள பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் அதைக் குழுவில் பேச வேண்டும்.

பன்னிரண்டாம் மாதம்: தொடங்கிய வேலை உங்கள் உதவியின்றி நடக்கிறதா என்று உள்ளூர்ச் சபை எழுதித் தரட்டும். நடந்தால் நன்றி சொல்லி நிறுத்துங்கள். வேறு சபைக்கு அது தேவைப்படலாம். நின்றுபோயிருந்தால், இரண்டாம் முறை வருவது பற்றிய முடிவை அவர்களிடம் விடுங்கள்.

இரண்டாம் பயணம் எப்போதும் இதே திசையில் இருக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பிலிருந்து ஒரு ஞாயிறு பாடசாலை ஆசிரியையும் ஒரு இளம் போதகரும் உங்கள் சபைக்கு வந்து இரண்டு வாரம் கற்றுக்கொடுக்கட்டும். போரையும் அலையையும் வெள்ளத்தையும் தாண்டி ஒரு சபையை நடத்தியவர்களிடம் கேட்டுப் படிக்க உங்களுக்கு நிறைய உண்டு. அந்த இரண்டு விமானச் சீட்டுகளுக்கான பணத்தை உங்கள் முதல் பயணத்தின் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கிவையுங்கள்.